எவர்சில்வருக்குள் மூன்றாவது பரிமாணம்



காரைக்கால் கடற்கரையில் கருக்களாச்சேரி என்றொரு மீனவர் ஊர் உண்டு. அவ்வூரிலிருந்து என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு துணிப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே இரண்டாக முறிந்த ஒரு தடித்த எவர்சில்வர் பட்டை இருந்தது. அவருடைய அப்பாவின் படகில் எஞ்சினைத் தாங்கும் சட்டத்தோடு வெல்டிங் செய்து பொருத்தப்பட்டிருந்த பட்டை அது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பட்டை முறிந்து, எஞ்சின் நின்றுபோய், வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவரும்படி ஆகியிருந்தது.

"சார், எவர்சில்வர் துருப்பிடிக்காது என்றுதானே பாடத்தில் படித்தோம்? வெல்டிங் வைத்த இடம் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஏன் முறிந்தது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. முறிவு வெல்டிங்கில் இல்லை. அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, வெல்டிங்குக்கு இணையாக ஓடியிருந்தது. காரணத்தை அறிய வேண்டுமானால் நாம் எஃகுக்குள்ளே போகவேண்டும். உள்ளே போனால் மட்டும் போதாது. நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று பரிமாணங்களிலும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை?

நாம் எவர்சில்வர் என்று அழைப்பது துருப்பிடிக்காத எஃகு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் 1913-ஆம் ஆண்டு ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த இத்தகைய எஃகைத் தயாரித்தார். இன்று மிகுதியாகப் பயன்படும் வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன. மீதியில் பெரும்பகுதி இரும்பு. கார்பன் 0.08 விழுக்காட்டுக்கு மேற்படாது.

காற்று பட்டவுடன் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, எஃகின் மேல் சில நானோமீட்டர் கனமே உள்ள ஓர் ஆக்ஸைடு படலத்தை உண்டாக்குகிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தப் படலம் கீறினாலும் தானே மீண்டும் வளர்ந்துகொள்ளும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவ்விடத்தில் குரோமியம் ஏறத்தாழ 12 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால், அந்த இடத்தைப் பொறுத்தவரை அது வெறும் இரும்புதான்.

திடப்பொருளுக்குள் ஒரு வீழ்படிவு

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு தெளிவான கரைசல்களைக் கலந்தவுடன் வெள்ளையாக வீழ்படிவு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். திடப்பொருளுக்குள்ளும் இது நடக்கும். சூடான சர்க்கரைப் பாகில் மிகுதியான சர்க்கரை கரைகிறது. ஆறும்போது அது கற்கண்டாகப் பிரிகிறது. அதுபோலவே, 1050 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கார்பன் எஃகில் கரைந்திருக்கும். சட்டென்று குளிர்வித்தால் பிரிந்துபோக நேரம் கிடைக்காது, கரைந்தபடியே நின்றுவிடும். ஆனால் 500 முதல் 800 டிகிரி வரையிலான வெப்பநிலையில் சிறிது நேரம் வைத்திருந்தால் கார்பன் வெளியேறத் தொடங்குகிறது. அது குரோமியத்தோடு சேர்ந்து குரோமியம் கார்பைடு என்னும் வீழ்படிவாகிறது.

வெல்டிங் செய்யும்போது நடப்பதைக் கவனியுங்கள். வெல்டிங் நடக்கும் இடம் உருகி, விரைவில் குளிர்கிறது. வெகு தொலைவிலுள்ள பகுதி சூடாவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டையளவு இடம்தான் அந்த ஆபத்தான வெப்பநிலையில் நிற்கிறது. தடித்த பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை வெல்டிங் வைத்தால் அந்த இடம் அத்தனை முறையும் சூடாகிறது. நம் பட்டை முறிந்தது அங்கேதான்.

ஒரு சிறு கணக்கு

கார்பைடின் ஒவ்வோர் அலகிலும் 23 குரோமியம் அணுக்களும் 6 கார்பன் அணுக்களும் உள்ளன. குரோமியத்தின் அணு எடை 52, கார்பனுடையது 12. ஆகவே 23 × 52 = 1196 கிராம் குரோமியம், 6 × 12 = 72 கிராம் கார்பனோடு சேர்கிறது. வகுத்தால், 1 கிராம் கார்பன் சுமார் 16.6 கிராம் குரோமியத்தை இழுத்துக்கொள்ளும் என்று தெரிகிறது. (உண்மையில் சில குரோமியம் இடங்களில் இரும்பு உட்கார்ந்துவிடுவதால் இது சற்றுக் குறையும்.)

எஃகில் கார்பன் 0.08 விழுக்காடு என்றால், அது முழுவதும் கார்பைடு ஆனாலும் இழப்பது 0.08 × 16.6 = 1.3 விழுக்காடு குரோமியம். பதினெட்டில் 1.3 போனால் மிச்சம் 16.7. இது 12-ஐவிட மிகவும் அதிகம். அப்படியானால் எஃகு துருப்பிடிக்கவே கூடாதே!

இங்கேதான் 'எங்கே' என்ற கேள்வி எழுகிறது. ஒரு தெருவில் நூறு வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி அரிசி எடுத்தால் யாருக்கும் தெரியாது. அந்த நூறு படியையும் ஒரே வீட்டிலிருந்து எடுத்தால் அந்த வீடு பட்டினி கிடக்கும்.

எஃகு என்பது கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற படிக மணிகள் நெருக்கமாகச் சேர்ந்த பொருள். மணிக்கும் மணிக்கும் நடுவேயுள்ள எல்லையில் அணுக்களின் ஒழுங்கு குலைந்திருக்கும். வீழ்படிவு தோன்ற அதுவே வசதியான இடம். கார்பன் அணு சிறியது. இரும்பு அணுக்களின் இடுக்குகளில் புகுந்து விரைந்து ஓடும். குரோமியம் பெரியது, இந்த வெப்பநிலையில் கார்பன் அதைவிடப் பல லட்சம் மடங்கு வேகமாகப் பரவுகிறது. ஆகவே கார்பன் மணியின் உள்ளேயிருந்தெல்லாம் எல்லைக்கு வந்து சேர்கிறது. குரோமியமோ எல்லையை ஒட்டிய மெல்லிய அடுக்கிலிருந்து மட்டுமே பறிக்கப்படுகிறது. அந்த அடுக்கில் குரோமியம் 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உப்புக்காற்றும் கடல்நீரும் அந்த வழியாக உள்ளே அரித்துச் செல்கின்றன. மணிகள் கெடுவதில்லை, மணிகளைப் பிணைக்கும் எல்லைதான் கெடுகிறது.

நுண்ணோக்கியில் கண்டது

அந்தப் பட்டையில் ஒரு சிறு துண்டை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, அலுமினாத் தூளால் கண்ணாடிபோல் மெருகேற்றினோம். பிறகு 10 விழுக்காடு ஆக்ஸாலிக் அமிலத்தில் வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் வீதம் ஒன்றரை நிமிடம் மின்சாரம் செலுத்தினோம். இது உலகெங்கும் வழக்கிலுள்ள ஒரு சோதனை. (ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு. ஆசிரியர் உடனிராமல் இதைச் செய்ய முயலாதீர்கள்.)

வெல்டிங்குக்குத் தொலைவில் வெட்டிய துண்டில் மணி எல்லைகள் மெல்லிய படிகளாக மட்டும் தெரிந்தன. முறிவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்த துண்டில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் கறுத்த பள்ளங்கள் அகழிபோல் ஓடின. மாணவரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. உடனே அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "சில இடங்களில் பள்ளம் தொடர்ச்சியாக இருக்கிறது, சில இடங்களில் புள்ளி புள்ளியாக விட்டுவிட்டு இருக்கிறது. புள்ளியாக இருந்தால் நடுவில் நல்ல எஃகு இருக்கிறது என்றுதானே பொருள்? கடல்நீர் அதைத் தாண்டி எப்படிப் போகும்?"

வெட்டுமுகம் சொல்லும் பாதி உண்மை

இதற்கு விடை முறுக்கில் இருக்கிறது. முறுக்கு ஒரே இழையால் சுற்றப்பட்டது. அதை நடுவே செங்குத்தாக வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். வரிசையாகத் தனித்தனி வட்டங்கள் தெரியும். முறுக்கையே பார்த்திராத ஒருவரிடம் அந்த வெட்டுமுகத்தை மட்டும் காட்டினால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல உருண்டைகள் என்றுதான் சொல்வார். அதேபோல், வெட்டுமுகத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது ஊசியா, தகடா என்று சொல்லமுடியாது. தகட்டைக் குறுக்கே வெட்டினாலும் கோடுதான். ஊசியை நீளவாக்கில் வெட்டினாலும் கோடுதான்.

வெட்டுமுகம் அளவையும் மறைக்கும். திராட்சை போட்ட ரவா லட்டு ஒன்றைக் கத்தியால் வெட்டுவதாகக் கொள்வோம். திராட்சைகள் எல்லாம் ஒரே விட்டமுள்ள கோளங்கள் என்று வைத்துக்கொள்வோம். கத்தி சில திராட்சைகளின் நடுவில் போகும். சிலவற்றின் ஓரத்தை மட்டும் சீவும். ஆகவே வெட்டுமுகத்தில் பெரியதும் சிறியதுமாக வட்டங்கள் தெரியும். அவற்றின் சராசரி விட்டம் என்ன?

கத்தி திராட்சையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எந்த இடத்தில் வேண்டுமானாலும் சமவாய்ப்போடு விழலாம். ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் வட்டத்தின் விட்டத்தைக் கோடுகளாக அடுக்கிப் பாருங்கள். அந்தக் கோடுகள் சேர்ந்து ஒரு முழு வட்டமாகும். வட்டத்தின் பரப்பை அதன் அகலத்தால் வகுத்தால் கோடுகளின் சராசரி நீளம் வரும். விட்டம் வி என்றால் பரப்பு பை × வி × வி ÷ 4, அகலம் வி. ஆகவே சராசரி = பை × வி ÷ 4, அதாவது 0.785 வி. நுண்ணோக்கியில் நாம் காணும் சராசரி, உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு!

எண்ணிக்கையும் அப்படித்தான். மையம் வெட்டுத்தளத்திலிருந்து ஓர் ஆரத் தொலைவுக்குள் இருக்கும் திராட்சை மட்டுமே வெட்டுப்படும். தளத்தின் மேலே ஓர் ஆரம், கீழே ஓர் ஆரம். மொத்தம் ஒரு விட்டம். எனவே ஒரு சதுர மில்லிமீட்டரில் காணும் எண்ணிக்கை = ஒரு கன மில்லிமீட்டரில் உள்ள எண்ணிக்கை × விட்டம். சதுர மில்லிமீட்டருக்கு 100 வட்டங்கள் தெரிந்து, உண்மை விட்டம் 0.01 மி.மீ. ஆக இருந்தால், கன மில்லிமீட்டருக்கு 10,000 கோளங்கள் உள்ளன.

ஒன்றுமட்டும் வெட்டுமுகத்தில் சரியாகவே கிடைக்கும். வெட்டுமுகப் பரப்பில் வீழ்படிவு எத்தனை விழுக்காடோ, கன அளவிலும் சராசரியாக அத்தனை விழுக்காடுதான். பிரெஞ்சு நாட்டு நிலவியலார் டெலெஸ் என்பவர் 1847-இல் பாறைகளை ஆராயும்போது இதைக் கண்டார். ஆனால் துகளின் வடிவம் தெரியாதபோது அதன் எண்ணிக்கையையோ, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதையோ ஒற்றை வெட்டுமுகத்திலிருந்து அறியமுடியாது. அதற்கு மூன்றாவது பரிமாணம் தேவை. அதை அடைய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: சீவிச் சீவிப் பார்த்தல்

மெருகேற்றிப் படம் எடுங்கள். இன்னும் சிறிது தேய்த்து மீண்டும் படம் எடுங்கள். இப்படி நூறு படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முழு உருவம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தேய்ந்தது என்று எப்படி அளப்பது? இதற்கு ஓர் அழகான உபாயம் உண்டு. விக்கர்ஸ் கடினச் சோதனையில் வைரக் கூர்ங்கோபுரத்தை உலோகத்தில் அழுத்தி ஒரு குழி போடுவார்கள். அந்தக் குழியின் ஆழம் அதன் மூலைவிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. தேய்க்கத் தேய்க்க மூலைவிட்டம் சுருங்கும். அது 70 மைக்ரோமீட்டரிலிருந்து 63 ஆனால், 1 மைக்ரோமீட்டர் தேய்ந்திருக்கிறது. பக்கத்துப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தவும் அதே குழிகள் அடையாளமாகின்றன.

கார்பைடுகள் பெரும்பாலும் இதைவிடச் சிறியவை. அவற்றுக்குக் கையால் தேய்ப்பது உதவாது. காலியம் அயனிக் கற்றையால் பத்து நானோமீட்டர் அளவுக்கு ஒரு சீவலாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படம் எடுக்கும் கருவிகள் இன்று உள்ளன. 200 சீவல்கள் எடுத்தால் 2 மைக்ரோமீட்டர் ஆழம்வரை பார்த்துவிடலாம்.

சீவாமலே பார்க்கும் ஒரு பழைய முறையும் உண்டு. எஃகை அமிலத்தில் கரைத்துவிட்டு, கரையாமல் எஞ்சும் கார்பைடுகளை மெல்லிய கார்பன் படலத்தில் பிடித்துக்கொள்வார்கள். அப்படி விடுபட்ட கார்பைடுகளில் முக்கோணத் தகடுகளும், மணி எல்லையிலேயே கிளைத்துப் படர்ந்த உருவங்களும் காணப்படுகின்றன. வெட்டுமுகத்தில் புள்ளிகளாகத் தெரிந்தவை, எல்லைத் தளத்தில் ஒரே கிளையின் கைகளாக இருக்கக்கூடும். மாணவரின் கேள்விக்கு விடை இதுவே. புள்ளிகளுக்கு நடுவே தெரியும் நல்ல எஃகு ஒரு சுவர் அல்ல. கடல்நீர் அதைச் சுற்றிக்கொண்டு மேலேயோ கீழேயோ உள்ள வழியில் போய்விடும்.

இரண்டாம் வழி: சாய்த்துச் சாய்த்துப் பார்த்தல்

மருத்துவமனையில் தலையை வெட்டாமலே உள்ளே பார்க்க சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். பல திசைகளிலிருந்து எக்ஸ்-கதிர் நிழல்களை எடுத்து, கணக்கின் உதவியால் உட்புறத்தை மீட்கிறார்கள். இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவரும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தக் கணக்கில் நம் நாட்டுப் பெயர்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராக இருந்தவரும், 1954-இல் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டவருமான ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ்-கதிர் நிழற்படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை மீட்பதே அதன் பொருள். நிழல்களை வந்த திசையிலேயே திருப்பி வீசிக் கூட்டினால் உருவம் மங்கலாகத்தான் வரும். வீசுவதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியில் செலுத்தினால் மங்கல் நீங்கும். கணக்கிடும் வேலையும் குறையும். இருவர் பெயரையும் சேர்த்து 'ராம்-லாக் வடிகட்டி' என்று அது உலகெங்கும் அழைக்கப்படுகிறது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சுமார் நூறு நானோமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டை வைத்து, ஒவ்வொரு டிகிரியாகச் சாய்த்துப் படமெடுக்கிறார்கள். ஆனால் முழுச் சுற்றும் சாய்க்க முடியாது. தகடு சாயச் சாய, எலக்ட்ரான் கடக்கவேண்டிய தூரம் கூடுகிறது. 60 டிகிரியில் அது இரு மடங்கு. 70 டிகிரியில் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்கு மேல் எலக்ட்ரான்கள் வெளியே வருவதே கடினம். விடுபட்ட கோணங்களால் உருவம் ஒரு திசையில் சற்று நீண்டு தெரியும். ஆய்வாளர் இதை நினைவில் வைத்தே படத்தைப் படிக்கவேண்டும்.

மூன்றாம் வழி: அணு அணுவாகப் பிரித்தல்

மூன்றாவது வழியில் எஃகை ஒரு ஊசியாகச் சீவுகிறார்கள். அதன் முனையின் ஆரம் சுமார் 50 நானோமீட்டர். அதைக் கடுங்குளிரில் வெற்றிடத்தில் வைத்துச் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். இடிதாங்கியின் கூர்முனையில் மின்புலம் செறிவதுபோல, இங்கும் முனையில் மின்புலம் செறிந்து நானோமீட்டருக்குப் பத்துப் பத்தாக வோல்ட் ஏறுகிறது. நுனியிலுள்ள அணுக்கள் அயனிகளாகி ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. எதிரே உள்ள உணர்கருவியில் எந்த இடத்தில், எப்போது மோதின என்று குறித்துக்கொள்கிறார்கள். மோதிய இடம், அணு ஊசியில் எங்கே இருந்தது என்று சொல்லும். பறந்த நேரம், அது எந்தத் தனிமம் என்று சொல்லும்.

எப்படி? மின்னூட்டம் × மின்னழுத்தம் = இயக்க ஆற்றல். இருமடி மின்னூட்டம் பெற்ற இரும்பு அயனியை 5000 வோல்ட்டில் 10 சென்டிமீட்டர் தூரம் பறக்கவிட்டால், அது சுமார் 540 நானோநொடியில் போய்ச் சேரும். குரோமியம் சற்று இலேசானது. 520 நானோநொடியில் போய்விடும். இந்த 20 நானோநொடி வேறுபாட்டை வைத்தே இரண்டையும் பிரித்தறிகிறார்கள்.

இக்கருவியின் முன்னோடி எர்வின் முல்லர் அமைத்த புல அயனி நுண்ணோக்கி. 1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவரும், அவரிடம் ஆய்வு மாணவராயிருந்த இந்தியரான கன்வர் பகதூரும் டங்ஸ்டன் ஊசிமுனையில் தனித்தனி அணுக்களை முதன்முதலாகக் கண்டனர். முல்லர் குழுவினர் 1967-இல் பறக்கும் நேரத்தை அளக்கும் பகுதியையும் அதனோடு சேர்த்தனர். சென்னை ஐ.ஐ.டி.யில் 2018-இல் இதற்கான தேசிய ஆய்வு வசதி நிறுவப்பட்டது. வேறு ஊர்களிலுள்ள ஆய்வு நிலையங்களும் தம் இடத்திலிருந்தபடியே அதை இயக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. பறக்கும் அணுக்களில் கணிசமான பங்கு உணர்கருவியில் பதிவாவதில்லை. ஊசியில் அடங்குவதும் மிகச் சிறிய இடமே. நமக்கு வேண்டிய மணி எல்லை அந்த ஊசிக்குள் இருக்கும்படி முதலில் தேடிச் சீவவேண்டும்.

வீழ்படிவு எப்போதும் பகையா?

காரைக்காலிலிருந்து இதே கடற்கரையோரமாக வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் கல்பாக்கம் வரும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அதிவேக ஈனுலைகளுக்கான எஃகுகளை ஆராய்கிறார்கள். அங்கே சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் முதன்முதலாகத் தொடர்வினை எய்தியது. பிறகு 500 மெகாவாட் திறனுக்கென வடிவமைக்கப்பட்ட முன்மாதிரி ஈனுலையில், 547 டிகிரி வரை சூடாகும் திரவச் சோடியத்தை 40 ஆண்டுகள் தாங்கவேண்டும் என்பது திட்டம். ஆகவே அதன் பெரிய கலத்துக்கு, கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த 316 எல்.என். என்னும் எஃகைத் தேர்ந்தார்கள்.

எரிபொருள் குழாய்களுக்கோ, வேண்டுமென்றே வீழ்படிவு தோன்றும் எஃகைத் தேர்ந்தார்கள்! டி-9 எனப்படும் அதில் 15 விழுக்காடு குரோமியமும் 15 விழுக்காடு நிக்கலும் சிறிது டைட்டேனியமும் உண்டு. டைட்டேனியம் கார்பனோடு சேர்ந்து, மணிகளின் உட்புறத்தில் சில நானோமீட்டர் அளவுள்ள நுண்துகள்களாகச் சிதறுகிறது. நியூட்ரான்கள் தாக்கும்போது எஃகுக்குள் வெற்றிடங்கள் தோன்றி அது உப்பத் தொடங்கும். இந்த நுண்துகள்கள் அதைத் தாமதப்படுத்துகின்றன. எல்லையில் பருத்துப் படர்ந்தால் கேடு. உள்ளே நுண்மையாகப் பரவினால் காவல். வீழ்படிவு எவ்வளவு என்பதோடு எங்கே, எந்த வடிவில் என்பதும் தெரியவேண்டியிருப்பது இதனால்தான்.

மாணவருக்குச் சொன்ன விடை

இனி நம் பட்டைக்கு வருவோம். மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: வெல்டிங் செய்தவர் கைவேலையில் பிழையில்லை, எஃகின் வகைதான் பொருந்தவில்லை. வெல்டிங் செய்யவேண்டிய, கடலில் புழங்கவேண்டிய பாகத்துக்குக் கார்பன் 0.03 விழுக்காட்டுக்கு மேற்படாத 316 எல் வகையைக் கேட்டு வாங்கவேண்டும். அதிலுள்ள மாலிப்டினம் கடலுப்பின் குழியரிப்பையும் ஓரளவு தடுக்கும். டைட்டேனியம் சேர்த்த 321 என்ற வகையும் வெல்டிங்குக்கு ஏற்றது; அதில் கார்பனை டைட்டேனியம் முந்திக்கொண்டு பிடித்துவிடும். ஆயினும் கடல்நீருக்கு முன்னுரிமை 316 எல்-க்கே. சிறிய பாகமானால், வெல்டிங்குக்குப் பிறகு 1050 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று தண்ணீரில் குளிர்வித்தால் கார்பைடு மீண்டும் கரைந்துவிடும். எஞ்சின் சட்டம் முழுவதையும் அப்படிச் சூடாக்க முடியாது என்பதால் அவர்கள் முதல் வழியையே மேற்கொண்டார்கள். எவர்சில்வர் ஆனாலும் பருவத்துக்கு ஒருமுறை வெல்டிங்கின் இரு பக்கமும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

செய்து பாருங்கள்

சப்பாத்தி மாவில் ஒரு பகுதிக்கு மஞ்சள்தூள் சேர்த்து நீண்ட இழையாக உருட்டுங்கள். அதைச் சுருள்போல் வளைத்து வெள்ளை மாவுக்குள் மறைத்து உருண்டையாக்குங்கள். உங்கள் நண்பர் அதை நூலால் சமகனமுள்ள வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் தெரியும் மஞ்சள் புள்ளிகளை எண்ணெய்த்தாளில் படியெடுக்கட்டும். தாள்களை வரிசையாக அடுக்கி, உள்ளே இருந்தது எத்தனை துண்டு என்று சொல்லட்டும். எத்தனை வில்லைகளுக்குப் பிறகு சரியான விடை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கிடுங்கள்

1. கார்பன் 0.03 விழுக்காடு உள்ள எஃகில், கார்பைடு இழுத்துக்கொள்ளக்கூடிய அதிக அளவு குரோமியம் எத்தனை விழுக்காடு?

2. விக்கர்ஸ் குழியின் மூலைவிட்டம் 70 மைக்ரோமீட்டரிலிருந்து 49 ஆகச் சுருங்கியது. தேய்ந்த ஆழம் என்ன?

3. 0.02 மி.மீ. விட்டமுள்ள கோளத் துகள்கள் வெட்டுமுகத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 200 தெரிகின்றன. கன மில்லிமீட்டரில் எத்தனை? வெட்டுமுகத்தில் அவற்றின் சராசரி விட்டம் என்ன?

விடைகள்: 1) சுமார் 0.5 விழுக்காடு. 2) 3 மைக்ரோமீட்டர். 3) 10,000, சுமார் 0.0157 மி.மீ.